நிலத்தடி நீரில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு: ஒரு கோடைக்காலத்தை நான் இழந்த விதம்

பயன்பாட்டு நிலவியலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டேன். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு ஏன் கூடுகிறது என்பதுதான் தலைப்பு. நான்கு ஆண்டில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்தரை ஆண்டு இழுத்தது. அதில் ஒரு முழு ஆண்டும், ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேலான பணமும் ஒரே ஒரு லேப் ரிப்போர்ட்டால் போயிற்று. அந்த நாட்களில் என்னை எச்சரிக்க யாரும் இல்லை. எங்கள் துறையில் எனக்கு முன்னால் இருந்த ஸ்காலர்கள் எல்லாம் செயற்கைக்கோள் படங்களை வைத்து வேலை செய்தவர்கள். கைடு நல்லவர், ஆனால் நிர்வாகப் பொறுப்பில் மூழ்கியிருந்தார். இப்போது இந்தத் துறைக்குள் வருகிற தம்பி தங்கைகள் யாராவது படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்த ஆய்வின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் இழப்பு புரியும். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் கடினப் பாறைதான். தருமபுரியில் சார்னோகைட்டும் நைஸ் பாறையும். மேலே கொஞ்சம் சிதைந்த மண்ணும் பாறையும் கலந்த அடுக்கு, அதற்குக் கீழே விரிசல்கள். தண்ணீர் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. பாறையில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீருக்கு வருகிறது. அது தண்ணீரிலேயே தங்குமா என்பதைக் கால்சியம் தீர்மானிக்கிறது. கால்சியம் நிறைய இருந்தால் இரண்டும் சேர்ந்து ஃபுளோரைட் கனிமமாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில் ஃபுளோரைடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஃபுளோரைடை மட்டும் சரியாக அளந்தால் போதாது. கால்சியமும் பைகார்பனேட்டும் சரியாக இல்லையென்றால் ஆய்வின் வாதமே நிற்காது. இன்னொன்று, மாதிரி எடுக்க வருடத்தில் இரண்டே காலம்தான்: மழைக்கு முன் மே மாத வாக்கில், மழை முடிந்து ஜனவரியில். மே மாதத்துத் தண்ணீரை ஆகஸ்டில் எடுக்க முடியாது. ஒரு பருவம் கெட்டால் அடுத்த வருடம் அதே மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

களத்துக்குப் போன முதல் வாரமே மனம் சோர்ந்துவிட்டது. கையில் ஜி.பி.எஸ்., தோளில் பை, தெர்மாகோல் பெட்டி என்று ஒரு பெண் தோட்டத்துக்குள் நுழைந்தால் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, மீட்டர் மாட்ட வந்திருக்கியா?" என்பதுதான். விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கிற மாநிலத்தில் கிணற்றுப் பக்கம் வருகிற அந்நியர் மேல் அந்தப் பயம் இருப்பது நியாயம்தான். "இல்லீங்கண்ணா, தண்ணியில ஃபுளோரைடு இருக்கான்னு பார்க்குற படிப்புங்க" என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஊராட்சித் தலைவரையோ அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரையோ முதலில் பார்த்துப் பேசிவிட்டு, அவர்கள் சொல்கிற ஆள் ஒருவரோடு போனால் கதவு திறக்கும். துறைத்தலைவர் கையெழுத்திட்ட தமிழ்க் கடிதம் ஒன்று அவசியம் கையில் இருக்கட்டும். ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்தால் இன்னும் சந்தேகம்தான் கூடும். பெண்களுக்குத் தனியாக ஒன்று: அன்றைக்குப் போகிற கிணறுகளின் பட்டியலையும் வண்டி ஓட்டுநரின் எண்ணையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். கழிப்பறைக்காகத் தண்ணீரே குடிக்காமல் மே மாத வெயிலில் நின்று நான் மயங்கி விழுந்திருக்கிறேன். ஊர்ப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் அந்தக் கஷ்டம் இல்லை.

நீர்மட்டம் அளப்பது பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. களத்தில் அது பெரிய வேலை. மும்முனை மின்சாரம் வருகிற நேரம் முழுக்க மோட்டார் ஓடும். அப்போது அளந்தால் கிடைப்பது இறைப்பில் இறங்கிய மட்டம், ஓய்வு மட்டம் அல்ல. மோட்டார் நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாத அளவு எதற்கும் பயன்படாது. போர்களில், அதாவது ஆழ்துளைக் கிணறுகளில், இன்னொரு சிக்கல். நீர்மூழ்கி மோட்டாரின் குழாய்க்கும் கேசிங்குக்கும் (துளை இடியாமல் இருக்க இறக்கும் வெளிக்குழாய்) நடுவே இடமே இருக்காது. அளவு நாடாவை விட்டால் ஒயரில் சுற்றிக்கொள்ளும். எங்கள் துறையின் நாடா ஒரு போரில் அப்படி மாட்டி, இழுத்ததில் நுனி உள்ளேயே போய்விட்டது. மாற்று நுனிக்கு 14,000 ரூபாய், பாதியை நான்தான் கட்டினேன். மோட்டார் கழற்றிய போர், இறைக்காமல் விட்ட திறந்த கிணறு ஆகியவற்றைத் தேடி, மட்டம் அளக்க மட்டும் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறு இருந்தால் அதையும் சேருங்கள். அவர்கள் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் எடுக்கிறார்கள். உங்கள் அளவை ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய துணை.

ஆழம் கேட்டால் விவசாயி சொல்வது பெரும்பாலும் போர் போட்ட ஆழம். அதோடு மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, கேசிங் எத்தனை அடி இறக்கினார்கள், எந்த அடியில் முதல் தண்ணீர் வந்தது என்றும் கேளுங்கள். போர் வண்டிக்காரர் அடிக்கணக்கில்தான் பணம் வாங்குவார் என்பதால் பில் பல வீடுகளில் பத்திரமாக இருக்கும். ஒரு பெரியவர் மஞ்சள் பையிலிருந்து பத்து வருடத்துக்கு முந்தைய பில்லை எடுத்துக் காட்டினார். அவர் வாயால் சொன்ன ஆழத்துக்கும் பில்லுக்கும் 200 அடி வித்தியாசம். அந்த பில்லைப் பார்த்த பிறகுதான் பழைய குறிப்புகளையெல்லாம் திரும்பப் போய்ச் சரிபார்த்தேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் மே மாதத்தில் ஐம்பது சொச்சம் கிணறுகளில் மாதிரி எடுத்தேன். மோட்டார் ஓடி, தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் இ.சி. மீட்டரில் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, குழாய் வாயிலேயே பிடித்தேன். சொட்டுநீர் போட்ட தோட்டங்களில் உரத்தைக் குழாயில் கலந்து விடுகிறார்கள், ஆகவே உரத் தொட்டிக்கு முன்னால் உள்ள வாயில்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு வகை பிளாஸ்டிக் பாட்டில். ஒன்றில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து நைட்ரிக் அமிலம் சில துளி விட்டது, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியத்துக்கு. இன்னொன்று அமிலம் விடாதது, பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடுக்கு. வடிக்காமல் அமிலம் விட்டால் மிதக்கிற களிமண் கரைந்து எண்களைக் கெடுக்கும். இரண்டு வகையிலும் ஒவ்வொரு பாட்டில் கூடுதலாக எடுத்து எங்கள் துறையில் வைத்திருந்தேன். அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

எங்கள் துறை லேபில் அப்போது சோடியம் அளக்கிற ஃபிளேம் போட்டோமீட்டர் பழுது. காய்ச்சி வடித்த நீர் எடுக்கும் கருவியும் ஓடவில்லை. கொள்முதல் கோப்பு மாதக்கணக்கில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆகவே வெளியில் ஒரு தனியார் லேபில் கொடுத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு மாதிரிக்கு 1,800 ரூபாய், மொத்தம் 90,000 தாண்டியது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத் தேறியவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வருகிறது. எனக்கு அது இல்லை. பல்கலைக்கழகத்தின் சிறு உதவித்தொகைதான், அதுவும் பல மாதம் சேர்த்து ஒருமுறை வரும். அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் முன்பணம் கட்டினேன். "பைகார்பனேட்டை இரண்டு நாளில் பார்த்துவிடுவோம்" என்று அங்கே உறுதி சொன்னார்கள். ரிப்போர்ட் வந்தது செப்டம்பரில்.

வந்த அன்றே அயனிச் சமநிலை போட்டுப் பார்த்தேன். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: தண்ணீரில் நேர்மின் அயனிகளின் (கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம்) மொத்தமும் எதிர்மின் அயனிகளின் மொத்தமும் சமமாக இருந்தாக வேண்டும். மில்லிகிராமில் வந்த எண்ணைச் சமான எடையால் வகுத்தால் மில்லிசமான அளவு கிடைக்கும். கால்சியத்துக்கு 20, மக்னீசியத்துக்கு 12.15, சோடியத்துக்கு 23, பொட்டாசியத்துக்கு 39, பைகார்பனேட்டுக்கு 61, குளோரைடுக்கு 35.5, சல்பேட்டுக்கு 48, நைட்ரேட்டுக்கு 62. இரண்டு பக்கத்தின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் பிழை சதவீதம். 5க்குள் இருந்தால் நல்ல தரவு. 10 வரை சிலர் ஏற்கிறார்கள். என் மாதிரிகளில் பாதிக்கு மேல் 10ஐத் தாண்டியிருந்தன, எல்லாவற்றிலும் நேர்மின் பக்கம்தான் கூடுதல். ஒரு கிணற்றில் நேர்மின் 18, எதிர்மின் 14.5. மூன்றரை மில்லிசமானம் எங்கேயோ காணாமல் போயிருந்தது.

லேபுக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் "திருத்திய ரிப்போர்ட்" வந்தது. எல்லா மாதிரியிலும் பிழை ஒரு சதவீதத்துக்குள். முதலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். இரவு உட்கார்ந்து இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. மாறியிருந்தது சோடியம் மட்டும். நான் சொன்ன அந்தக் கிணற்றில் சோடியம் சரியாக 80 மில்லிகிராம் குறைந்திருந்தது, அதாவது மூன்றரை மில்லிசமானம். அளந்த எண் அல்ல அது. எதிர்மின் மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்து, மிஞ்சியதைச் சோடியம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதை நிரூபிக்க எளிய வழி ஒன்று உண்டு, தயவுசெய்து நினைவில் வையுங்கள். மைக்ரோசீமென்ஸில் வருகிற இ.சி. எண்ணை நூறால் வகுத்தால் நேர்மின் அயனிகளின் மொத்தம் ஏறக்குறைய வந்துவிடும். அந்தக் கிணற்றில் நானே குழாயடியில் அளந்த இ.சி. 1,800. நூறால் வகுத்தால் 18. முதல் ரிப்போர்ட்டின் சோடியம்தான் பொருந்துகிறது, திருத்தியது பொருந்தவில்லை. ஆகவே எல்லா மாதிரியும் பூஜ்யத்துக்கு நெருக்கமாகச் சமன்படுகிற ரிப்போர்ட்டைக் கண்டால் மகிழாதீர்கள், பயப்படுங்கள். உண்மையில் அளந்த தரவில் பிழை கூட்டியும் குறைத்தும் சிதறித்தான் இருக்கும்.

அப்போதுதான் துறை ஃபிளேம் போட்டோமீட்டர் பழுது நீங்கி வந்திருந்தது. கூடுதலாக வைத்திருந்த அமில பாட்டில்களில் சில எடுத்துப் பார்த்தேன். சோடியம் முதல் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போனது. அப்படியானால் எதிர்மின் பக்கம் எது குறைந்தது? அமிலம் விடாத பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஒரு துளி அமிலம் பட்டதும் நுரைத்தது. கால்சியம் கார்பனேட். அதே கிணற்றின் அமில பாட்டிலில் கால்சியம் லிட்டருக்கு 110 மில்லிகிராம், அமிலம் விடாததில் 40. அந்த 70 மில்லிகிராமும் மூன்றரை மில்லிசமானம்தான். லேபில் பாட்டில்கள் வாரக்கணக்கில் வெக்கையில் கிடந்து, பைகார்பனேட் படிந்துபோன பிறகுதான் அளந்திருக்கிறார்கள். எல்லா மாதிரிக்கும் இதுவே முழுக் காரணம் என்று நிறுவ முடியவில்லை, ஆனால் நான் சோதித்த எல்லாவற்றிலும் இதுதான் நடந்திருந்தது.

குளோரைடும் ஃபுளோரைடும் பிளாஸ்டிக் பாட்டிலில் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அவற்றை வைத்துக்கொண்டேன். பைகார்பனேட் போனதால், எந்தக் கனிமம் படியும், எது கரையும் என்று சொல்கிற கனிமச் செறிவுக் கணக்கு எதுவும் போட முடியாது. ஒரு நண்பர், "பைப்பர் படம் போட்டுப் பார், நன்றாகத்தானே வருகிறது, விட்டுவிடு" என்றார். அதுதான் ஆபத்து. தண்ணீரின் வகையைக் காட்ட 1944இல் வந்த அந்தப் படம் நேர்மின் அயனிகளைத் தனியாகவும் எதிர்மின் அயனிகளைத் தனியாகவும் சதவீதமாக்கித்தான் போடும். இரண்டு பக்கமும் சமமில்லை என்பது அதில் தெரியவே தெரியாது. கெட்ட தரவும் அழகான படமாக வரும். அந்த மாதம் முழுக்க எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கிடைக்கவில்லை. கைடு அந்த மே மாதத் தரவை மொத்தமாக நீக்கச் சொன்னார். அடுத்த மே வரை இழுப்பதற்கு ஆய்வுக் குழுவிடம் விளக்கக் கடிதம் எழுதி, நீட்டிப்புக் கட்டணமும் கட்டினேன். கைடு சொன்னது சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த மே மாதம் பைகார்பனேட்டை யாரையும் நம்பி விடவில்லை. கிணற்று மேட்டிலேயே பார்த்தேன். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சிறு பியூரெட், 0.02 நார்மல் கந்தக அமிலம், நிறங்காட்டி, 50 மில்லி அளவுக் குடுவை. செலவான அமிலத்தின் மில்லியை 20ஆல் பெருக்கினால் மொத்தக் காரத்தன்மை, கார்பனேட் இல்லாத தண்ணீரில் அதை 1.22ஆல் பெருக்கினால் பைகார்பனேட். ஒரு கிணற்றுக்குப் பத்து நிமிடம் கூடுதல். பி.ஹெச். மீட்டரை ஒவ்வொரு காலையும் தாங்கல் கரைசலில் சரிசெய்தேன். இ.சி., பி.ஹெச்., வெப்பநிலை, காரத்தன்மை நான்கும் இனி என் கையில்தான், மற்றதற்குத்தான் லேப். இந்த முறை பெரும்பாலான மாதிரிகள் 5க்குள் நின்றன.

லேபை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) சான்றிதழ் மாட்டியிருந்தால் போதாது. அந்த அங்கீகாரம் எந்தெந்த அளவைகளுக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சோடியத்தை அளக்கிறார்களா, கணக்கிடுகிறார்களா என்று நேராகக் கேளுங்கள். கருவியின் மூல அளவுகளையும் சேர்த்துத் தருவதாக விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். முதலில் ஐந்தாறு மாதிரியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதில் ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு வேறு எண் போட்டுச் சேர்த்துவிடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். வெறும் காய்ச்சி வடித்த நீரையும் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால், வெற்று நீரில் எதுவும் இல்லையென்று வந்தால், மீதியைக் கொடுக்கலாம். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். சமநிலை பார்த்த பிறகே பாதி என்று பேசுங்கள், ஒப்புக்கொள்கிற லேப்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக மையக் கருவிக்கூடங்களில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, ஆனால் வரிசை நீளம். ஆகவே மே மாத மாதிரிக்கு ஜனவரியிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

விவசாயிகளுக்குத் தர வேண்டியதைத் தருவதில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. நாம் அவர்கள் தோட்டத்தில் நின்று தண்ணீரை எடுத்துப் பட்டம் வாங்குகிறோம். அவர்களுக்கோ கடைசிவரை ஒரு எண்கூடத் தெரிவதில்லை. பென்னாகரம் பக்கம் ஒரு அம்மா பேரனைக் கூட்டி வந்து, "நல்லா தேய்க்கச் சொல்லியும் பல்லு இப்படியே இருக்கு கண்ணு" என்று காட்டினார். பழுப்புக் கோடுகள். அவர்கள் வீட்டுப் போரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல். இந்தியத் தரநிலைப்படி 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. ஃபுளோரோசிஸ் என்கிற இந்த நோய் நம் சென்னை மாகாணத்தில் 1937இலேயே ஆய்வுக் கட்டுரையாகப் பதிவாகி எத்தனை தலைமுறை ஆகிவிட்டது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் கூடத்தான் செய்யும் என்று அந்த அம்மாவுக்கு அன்றுவரை யாரும் சொல்லவில்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு அவர்கள் தெருவுக்கும் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. ஆனால் வராத நாளில் போர் தண்ணீரையே சமைக்கவும் குடிக்கவும் வைத்துக்கொள்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் அரைப் பக்கத் தமிழ்ச் சீட்டு ஒன்று தயார் செய்யுங்கள். மாதிரி எடுத்த தேதி, உப்பின் அளவு, ஃபுளோரைடு, நைட்ரேட், குடிக்கலாமா கூடாதா, அவ்வளவுதான். ஆய்வேட்டு வரைபடத்தில் அவர்கள் பெயரைப் போடாதீர்கள், கிணற்று எண் போதும். மொத்த அச்சுச் செலவு எனக்கு 500 ரூபாய்கூட ஆகவில்லை. சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போக நேரமும் கிடைக்காது, வண்டிக்குப் பணமும் இருக்காது.